நன்றியுரைக்கு எஸ்தர்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறி ஒன்றுதான் இருக்கிறது, காற்று எல்லாருக்கும் பட வேண்டும், அதனால் நெருங்கியே உட்காருங்கள். கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு இன்றைக்கு ஒரு நல்ல கதை உண்டு. ராஜா ராணி கதை இல்லை, ஒரு கருத்தரங்கில் நடந்த கதை. கருத்தரங்கு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களே பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்றால், நீங்கள் உட்கார மாட்டீர்களா என்ன.

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரி. அங்கே சமூகவியல் துறை. மனிதர்களில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள், ஏன் அப்படி என்று படிக்கிற படிப்பு அது. அந்தத் துறையில் பல வருடமாக நின்றுகொண்டிருந்தவள் எஸ்தர். கௌரவ விரிவுரையாளர் என்று பட்டம். கௌரவத்தைப் பதவியின் பெயரிலேயே கொடுத்துவிட்டோமே, சம்பளத்தில் வேறு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மே மாதம் வந்தால் வேலை போய்விடும். ஜூனில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் திரும்பி வரும். முனைவர் பட்டம் வாங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்தாயிற்று. வேலை மட்டும் இன்னும் நிலைக்கவில்லை.

சொந்த ஊர் மாகறல். தாத்தா காலத்தில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா மாதாகோயிலுக்குப் பக்கத்தில் மனை வாங்கிப் பெரிய காஞ்சிபுரத்துக்குக் குடி வந்தவர். மாதாகோயிலில் பாடிப் பழகிய குரல் எஸ்தருக்கு. அந்தக் குரல்தான் அவளுக்கு வினையாக வந்தது.

சேர்ந்த முதல் வருடம் ஒரு விழாவில் நன்றியுரை சொல்ல வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எஸ்தரை மேடையேற்றினார்கள். தாளாளர், முதல்வர், சிறப்பு விருந்தினர், பத்திரிகைக்காரர், பூக்காரம்மா என்று ஒருத்தர் பெயரையும் விடாமல், மரியாதை வரிசை ஒரு இம்மி பிசகாமல் சொல்லி முடித்தாள். நம் ஊரில் அழைப்பிதழில் பெயர் விட்டால் மன்னிப்பார்கள். நன்றியுரையில் விட்டால் பேச்சு வார்த்தை நின்றுவிடும். அதனால் அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் நன்றியுரைக்கு எஸ்தர். கோலத்துக்கும் எஸ்தர், விருந்தினருக்குப் போர்த்தப் பட்டுத் துண்டு எடுக்கவும் எஸ்தர். கட்டுரை வாசிக்க மட்டும் வேறு ஆட்கள்.

துறைத் தலைவர் சீனிவாசன் கெட்டவர் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை, அதுதான் இதில் சிக்கல். அவர் எஸ்தருக்குப் புத்தகங்கள் கொடுத்தவர். அவள் பிள்ளையின் பிறந்த நாளுக்குச் சாக்லேட் அனுப்புகிறவர். கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து, அதே தெருவில் வளர்ந்து, அதே தெருவைப் பற்றி ஆராய்ச்சி செய்து பெயர் வாங்கியவர். ஒரு முறை எஸ்தரும் தன் மாகறல் தெருவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அனுபவம், ஆய்வு என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்றார்.

"நீங்க உங்க தெருவ எங்க நின்னு பாத்தீங்க சார்?" என்று எஸ்தர் கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் யோசித்தார். "எங்க வீட்டு மாடியில" என்றார்.

ராமராஜன் என்று இன்னொருவன். எஸ்தருக்கு இளையவன். அவனும் மாகறல்தான், அவள் தெருவுக்கு அடுத்த தெரு. அவன் ஆய்வேட்டில் பாதி அத்தியாயங்களைத் திருத்திக் கொடுத்தவள் எஸ்தர். நிரந்தர வேலைக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள். மாகறலில் எந்தப் பக்கம் என்று இரண்டு பேரிடமும் கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கும் தெரியும், கேட்கப்பட்டவர்களுக்கும் தெரியும். அதற்கு அப்புறம் ராமராஜனிடம் கோட்பாடுகளைப் பற்றிக் கேட்டார்கள். எஸ்தரிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். வேலை ராமராஜனுக்குக் கிடைத்தது. அவன் வீட்டுக்கு வந்து இனிப்பைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வாடா, நீ என்ன பண்ணுவ என்று அவள்தான் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து கலையரசி என்ற பேராசிரியர் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார். சமூக அறிவியல் படித்த பெண்களும், சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் படித்து வந்தவர்களும் கல்லூரி வேலையில் எந்தப் படியில் நின்றுபோகிறார்கள், ஏன் என்பதுதான் ஆய்வு. மூன்று வருட வேலை, கூட ஒருவர் வேண்டும். உங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு வருகிறேன், அங்கே வாசிக்கிற கட்டுரைகளைக் கேட்டுவிட்டு ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். தாளில் அனுப்பினால் போதாதா என்று கல்லூரியில் கேட்டதற்கு, யார் எழுதினார்கள் என்று தாள் சொல்லாது, வாசிக்கிறவரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று பதில் வந்தது.

எஸ்தரிடம் அதே விஷயத்தில் ஒரு கட்டுரை தயாராக இருந்தது. இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் புருஷன் சத்யராஜின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சுற்று வட்டாரக் கல்லூரிகளுக்கெல்லாம் போய், ஆட்களைப் பார்த்துப் பேசி எழுதியது. அது கலையரசி காதில் விழுந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். இந்த வாய்ப்பு போனால் அவளுக்கு வயது வரம்பும் தாண்டிவிடும், இன்னொன்று வராது.

கருத்தரங்கு அன்று காலையில் சத்யராஜ் காபியை நீட்டிக்கொண்டே சீண்டினான். வண்டி பழுது பார்க்கிறவன் அவன், எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான்.

"இன்னைக்காவது நன்றிக்கு முன்னாடி எதனா பேசுவியா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி என் கட்டுரை. அழைப்பிதழ்லயே போட்டிருக்குது."

"ஊருக்கெல்லாம் நன்றி சொல்லிக்கினு இருக்கற. தெனம் காபி போடறவனுக்கு ஒண்ணு உண்டா?"

அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு எஸ்தர் கிளம்பினாள். அதுவே நன்றி என்று அவன் எடுத்துக்கொண்டான்.

கூட்டம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். குத்துவிளக்கு ஏற்றவே மின்விசிறியை நிறுத்து, போடு என்று ஒரு பாடு. வாழ்த்துரை சொன்னவர்கள் வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள். ராமராஜன் நன்றாகத்தான் வாசித்தான். கலையரசி அவனிடம் ஒரு கேள்வி கேட்டபோது மட்டும் அவன் கண் தானாகத் தேநீர் மேசைப் பக்கம் நின்ற எஸ்தரிடம் போய்விட்டுத் திரும்பியது. கலையரசியின் கண்ணும் ஒரு தடவை அங்கே போனது. அடுத்தது சீனிவாசன். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவர் அதை யாரோ வாசலில் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தவர்போலத் தன் தெருவிலேயே நடந்துகொண்டிருந்தார்.

உச்சிக்கு நடை சாத்திவிடுவார்களே, விருந்தினருக்கு அம்மன் தரிசனம் ஆக வேண்டுமே என்று முதல்வர் அவசரப்படுத்தினார். எஸ்தரின் கட்டுரை சாப்பாட்டுக்குப் பிற்பாடு என்றானது. கோயிலுக்குப் போன கார் திரும்பி வர வெகு நேரமாயிற்று. சாப்பாடு முடிந்ததும் இன்னொரு அவசரம். காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டு யாராவது புடவை வாங்காமல் போவார்களா? கடைக்காரரிடம் சொல்லிவைத்தாயிற்று, வண்டி நிற்கிறது.

சீனிவாசன் எஸ்தரை ஓரமாகக் கூப்பிட்டார். "எஸ்தர், டைம் இல்லம்மா. உன் கட்டுரைய வாசிச்சதா எடுத்துக்கலாம். தொகுப்புல போட்டுடறோம்."

"அவங்க காதால கேக்கணும்னு சொல்லிக்கிறாங்களே சார்."

"நான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்றேன். நீ போய் நன்றியுரைய ரெடி பண்ணு. சுருக்கமா."

அவர் அதை அவ்வளவு அன்பாகச் சொன்னார், பாவம். எஸ்தருக்குக் கோபப்படக்கூட இடம் கிடைக்கவில்லை. ராமராஜன் அருகில் வந்து, அக்கா, நான் சார்கிட்ட பேசட்டுமா என்று இழுத்தான். வேண்டாம் என்றாள். தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள் இல்லையா, அந்த வார்த்தைதான் அவளுக்கு வந்தது: தறிக்கு இழை கட்டிப் பாவு ஓட்டினது நான், முந்தானை போடற நேரத்துல தறியவிட்டு எறக்கறாங்க.

முகத்தைத் துடைக்கும்போதுதான் யோசனை வந்தது. அழைப்பிதழில் எதை வேண்டுமானாலும் தள்ளலாம், வெட்டலாம். ஒன்றை மட்டும் எவராலும் வெட்ட முடியாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நன்றியுரையில் கடைசிப் பெயர் மைக் செட் அக்பர் பாய். அவர் பெயரைச் சொன்னதும் அவர் தேசிய கீதத்தைப் போடுவார். அது முடிந்தால்தான் கூட்டம் கலையும். அதுவரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள். தன் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஜூன் மாதக் கையெழுத்து சீனிவாசனுடையது என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் மேடையேறினாள்.

தாளாளருக்கு நன்றி சொன்னாள். முதல்வருக்குச் சொன்னாள். அவர்கள் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்கள். பிறகு குரலை மாற்றாமல், அதே நன்றியுரைக் குரலில் தொடர்ந்தாள்.

"பிறந்த தெருவைச் சொந்த வீட்டு மாடியில் நின்று பார்த்து, அதை ஆய்வு என்று நிலைநாட்டிய அறிஞர்களுக்கு எங்கள் நன்றி. எங்கள் தெருவில் வீடுகளுக்கு மாடி இல்லாத காரணத்தால், நாங்கள் எழுதுவது அனுபவமாகவே நின்றுவிடுகிறது. இந்த வட்டாரத்துத் துறைகளில் நான் சந்தித்த என் மக்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று சொல்லுவார்களாம். எழுதினால், உங்களைப் பற்றி நீங்களே எழுதினால் எப்படி என்று கேட்பார்களாம்."

முதல் வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் அடங்கியது. சீனிவாசன் கூரையைப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று நேர்முகத் தேர்வில் அக்கறையோடு விசாரித்த பெரியவர்களுக்கு நன்றி. அதே தேர்வுக்கு வந்த தகப்பன்மார்களிடம் அதை விசாரிக்காததன் மூலம், அவர்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வராது என்ற உண்மையை எங்களுக்கு உணர்த்தினார்கள்."

இப்போது பெண்கள் பக்கம் நன்றாகவே சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வணிகவியல் பேராசிரியர் கண்ணைத் திறந்து, என்னவாம் என்று பக்கத்தில் கேட்டார்.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. ஊர் ஊராகப் போய்த் தகவல் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பேராசிரியர் பெயரில் புத்தகம் வந்தபோது முன்னுரையின் கடைசி வரியில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த ஒரு விரிவுரையாளர் அம்மாவுக்கு நன்றி சொன்னாள். மாணவர் அழுதால் ஆறுதல், விடுதிக் காவல், கோலம், விருந்தினர் கவனிப்பு என்று எல்லாம் செய்துவிட்டு, ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறாய் என்று கேட்கப்பட்டவர்களுக்கு நன்றி சொன்னாள். ஊர் எது என்று கேட்டுவிட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கும் சொன்னாள். அங்கே மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ராமராஜன் தலையைக் குனிந்துகொண்டான். நன்றி, நன்றி என்று கட்டுரை முழுவதும் ஒவ்வொரு பகுதியாக இறங்கிக்கொண்டிருந்தது.

முதல்வர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சீனிவாசன் சுவர் ஓரமாக அக்பர் பாயிடம் நகர்ந்துபோய், கீதத்தைப் போடச் சொல்லிக் காதோடு சொன்னார்.

அக்பர் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என் பேரு இன்னும் வரலியே சார்" என்றார். "பேரு வராம போட்டா மரியாதையா இருக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. உதட்டில் சிரிப்பு இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கலையரசி கையைத் தூக்கினார். நன்றியுரையில் கேள்வி கேட்டவர் என்று அந்த அரங்கம் அதுவரை யாரையும் பார்த்ததில்லை.

"ஒரு சந்தேகம்" என்றார் கலையரசி. குரலில் விளையாட்டு இல்லை. "அவங்க சொன்னத நீங்க அப்படியே நம்பினீங்களா? மனசுல குறை இருக்கறவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு ஒருத்தர் சொன்னா, என்ன பதில் சொல்வீங்க?"

கேட்டது எஸ்தருக்குத் தெரிந்த கேள்வி. சனிக்கிழமைகளில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி.

"அவங்க சொன்னத மட்டும் எடுத்துக்கல மேடம். அதே துறையில, அதே வருஷம் சேர்ந்த ஆம்பளைங்ககிட்டயும், மேல்தெருக்காரங்ககிட்டயும் அதே கேள்விங்களக் கேட்டேன். இன்டர்வியூல என்ன கேட்டாங்க, யாரு என்ன வேலை குடுத்தாங்க, எழுதினதுல யாரு பேரு முன்னாடி வந்துதுன்னு. அவங்க ஒண்ணும் மறைக்கல. சந்தோஷமாத்தான் சொன்னாங்க. ரெண்டு பதிலுக்கும் நடுவுல இருக்கற தூரத்ததான் எழுதிக்கிறேன். அது குறையா, நெசமான்னு அந்தத் தூரமே சொல்லும்."

"உங்க துறையில கேட்டீங்களா?"

"இல்ல மேடம். நேரம் கெடைக்கல. நன்றியுரை எழுதிக்கினு இருந்தேன்."

அரங்கமே சிரித்தது. முதல்வர்கூடச் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்கவில்லை என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டார். கலையரசி சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார்.

எஸ்தர் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். கேள்வி வந்துவிட்டது. கேள்வி வந்துவிட்டால் அது கட்டுரைதான், இனி யாரும் அதை வாசித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மிச்சமிருந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, மைக் செட் அக்பர் பாய்க்கு நன்றி என்றாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு சீனிவாசன் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றாள்.

"மாடின்னு சொன்னது என்னத்தானே?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். உன்னைப் பேசக் கூடாதென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, நேரம் இல்லை என்றுதான் சொன்னேன் என்றார். அது உண்மை என்று எஸ்தருக்குத் தெரியும். எனக்கு மட்டும் எப்போதும் நேரம் இல்லாமல் போகிறதே சார் என்று அவள் மெல்லச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தெருக் கட்டுரை இருக்கா? எடுத்துண்டு வா. அன்னைக்கி நான் அதச் சரியாப் படிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது அதிகம்.

கலையரசி எஸ்தரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். புடவை வாங்காமல் போனால் என் அக்கா வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள், பேச வேண்டியதைக் கடையில் பேசுவோம் என்றார். பெரிய காஞ்சிபுரத்துக் கடையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். கடைக்காரர் மாம்பழ மஞ்சளில் ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று என்று உதறி உதறி விரித்தார். இரண்டு பேரும் அதைப் பார்க்கவே இல்லை. கட்டுரையை வாங்கிப் புரட்டிவிட்டு, அதன் நடுப்பகுதி பலவீனம் என்று கலையரசி ஆரம்பித்தார். ஆண்களிடம் கேட்டதில் வசதியான பதில்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள் என்றார். இல்லை என்றாள் எஸ்தர். ஆமாம் என்றார் அவர். நீங்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை என்று எஸ்தர் குரலை உயர்த்தினாள். கடைக்காரர் புடவையில் ஏதோ குறை என்று நினைத்து, விளக்கு வெளிச்சத்தில் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எஸ்தருக்கு நடுவில் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் அவளை மெச்சியவர்கள் நிறைய. அருமையான குரல், பொறுப்பான பெண் என்று. அவள் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு அவளோடு சண்டை போட்டவர் இதுவரை யாரும் இல்லை. சண்டை இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"நீங்கதான்" என்றார் கலையரசி, ஒரு புடவையைக் கையில் எடுத்துக்கொண்டே. "மூணு வருஷம் இப்படித்தான் சண்டை போடுவேன், பரவாயில்லையா? புத்தகத்துல ரெண்டு பேரு பேரும் அட்டையில வரும்."

எஸ்தர் தலையாட்டினாள். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆகவே, அந்த மஞ்சள் வேண்டாம் மேடம், சாயம் உங்க நிறத்துக்கு எடுக்காது என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து சத்யராஜுக்குப் போன் போட்டாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் அவன் கத்தினான். "இன்னா ஆச்சு? பேசினியா?"

"பேசினேன். வேலையும் கெடச்சுது, சண்டையும் கெடச்சுது."

"வண்டி எடுத்துக்கினு வர்றேன், அங்கியே நில்லு" என்றான் அவன். தெருவோரத்தில் நின்றாள் எஸ்தர். போகிற ஆட்டோ, வருகிற பஸ், பட்டுக்கடை பைகளோடு போகிற கூட்டம் எல்லாம் அவளுக்குப் புதிதாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் பூ விற்றவள், இன்னாம்மா விசேஷம் என்று கேட்டாள். எஸ்தர் ஒரு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

கதை இவ்வளவுதான், என் தங்கங்களா. நீங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், அரிசிப் பானை நிறைந்திருக்கட்டும். உங்கள் பெண்பிள்ளைகள் வாய் திறந்தால் வீடே காது கொடுக்கட்டும். ஆண்பிள்ளைகள் காபி போடக் கற்றுக்கொள்ளட்டும். எந்தத் தெருவில் இருந்தாலும் வெயிலும் மழையும் உங்கள் கூரையைப் பார்த்து இதமாக வரட்டும். நல்லா இருங்கள், எல்லாரும் நல்லா இருங்கள்.